கூலி போடாத புடவை

நேற்று மத்தியானம் என் கடையில், என் கண் முன்னாலேயே, ஒருவன் உன் நெசவை டேமேஜ் பீஸ் என்று சொல்லிவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டில் பழுது கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். என் தங்கை வசந்தா வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தாள். தை மாதம் அவள் பெண்ணுக்குக் கல்யாணம். அதற்குள் தன் கூறைப் புடவையைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லி எடுத்து வந்திருந்தாள். மஞ்சள் துணியைப் பிரித்ததும் வசம்பு வாசனை கடை முழுக்கப் பரவியது. அரக்கு உடம்பு, கிளிப்பச்சைக் கரை. சேல்ஸ்மேன் அதை மேசை மேல் விரித்து, விரலை ஓட்டிக்கொண்டே போனவன் பாதிப் புடவையில் நின்றான்.

"ஐயா, இங்க கை மாறிக்குது. இது வரைக்கும் அடிச்சவன் நல்ல நெசவாளி. அதுக்கப்புறம் எவனோ உக்காந்து கெடுத்து வச்சிக்கிறான். இழைய அடிச்ச தட்டு ஒரு எடத்துல இறுக்கம், ஒரு எடத்துல லூசு. டேமேஜ் பீஸுங்க."

"யாரு கெடுத்தான்னு எங்க அண்ணனையே கேளுப்பா," என்றாள் வசந்தா. சிரிப்பை அடக்கப் பார்த்து அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கெடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் நீ, ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நெசவாளர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வரும், வியாபாரிகள் தரப்பிலிருந்து பதில் போகும். உன் கையெழுத்து அதில், என் கையெழுத்து இதில். இத்தனை வருஷத்தில் நமக்குள் போன காகிதமெல்லாம் அவ்வளவுதான். இது நோட்டீஸ் இல்லை. இதற்கு நீ பதில் போட வேண்டியதும் இல்லை.

உங்கள் வீட்டுத் தறியில்தான் நம் இரண்டு பேருக்கும் மீசை முளைத்தது. நீ நடுவில், நான் பக்கத்தில். கோர்வைப் புடவையைப் பற்றி உன்னிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனால் வசந்தாவின் பெண்ணும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் சொல்லி வைக்கிறேன். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரு ஆளால் ஆகாது. நடுவில் இருப்பவன் உடம்புக்கும் ஒரு கரைக்கும் நாடா, அதாவது ஊடுநூல் சுற்றிய கட்டை, எறிவான். பக்கத்தில் இருப்பவன் மறுகரைக்கு எறிவான். இழைக்கு இழை கோத்துக்கொண்டு வர வேண்டும். மூன்று நாடா, இரண்டு ஆள். ஒருவன் ஒரு இழை முந்திப் போனாலும் கோர்வை பிரிந்துவிடும். நான் எப்போதும் பறப்பேன். நீ எப்போதும் ஒன்றையே சொல்வாய்: "அவசரப்படாதடா. நீ போட்டாதான் நான் போடுவேன்."

நம் ஊரில் ஆலை கிடையாது. சங்கு ஊதாது, ஷிஃப்ட் மாறாது. ஆனால் ஆலைக்காலத்துச் சொல் அத்தனையும் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. உன் தாய்மாமன் பெரம்பூர்ப் பக்கம் மில்லில் இருந்தார். லீவில் வரும்போது ஒரு கையில் மிக்சர் பொட்டலம் இருக்கும், வாய் நிறையச் சொற்கள் இருக்கும். போனஸ், ஸ்டிரைக், கதவடைப்பு, கருங்காலி, உபரி. நான் மிக்சரை எடுத்துக்கொண்டேன். நீ சொற்களை எடுத்துக்கொண்டாய்.

அப்புறம் நான் தறியை விட்டு இறங்கி, பையில் புடவைகளைப் போட்டுக்கொண்டு மெட்ராஸில் வீடு வீடாக ஏறினேன். கொஞ்சம் கையில் தங்கியதும் நானே பட்டும் சரிகையும் வாங்கி நெசவாளிகளுக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைத்தேன். நீ சங்கத்தில் சேர்ந்து செயலாளர் ஆனாய். அன்றிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இன்னா மொதலாளி" என்பாய். "வாங்க தோழரே" என்பேன். டீக்கடையில் இருப்பவர்கள் இப்போது சண்டை வரும் என்று கிளாஸை எடுத்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள்.

சண்டை வரத்தான் செய்தது. மூலதனம் என்றால் உழைப்பு சேர்ந்து இறுகிப் போனது என்று ஒரு நாள் நீ விளக்கம் சொன்னாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மா தோடு சேட்டு கடையில இருக்குது பாரு, அதாண்டா மூலதனம். போயி எறுகியிருக்குதா எளகியிருக்குதான்னு அழுத்திப் பாத்துட்டு வா" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "அத்ததாண்டா நானும் சொன்னேன்" என்றாய். நான் ஸ்கூட்டர் வாங்கியபோது அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நடுத்தர வர்க்கத்துக்கு நல்வரவு" என்று கைகூப்பினாய். பிறகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஏனாத்தூர்ல ஒரு கூட்டம் இருக்குது, எறக்கி வுட்டுடு" என்றாய். என்னைத் திட்டிப் பேசவிருந்த கூட்டத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். பெட்ரோல் என்னுடையது.

பெரிய ஸ்டிரைக் வந்தது வசந்தா கல்யாணத்துக்கு முன்பு. கூலி உயர்வு கேட்டீர்கள். நாங்கள் முடியாது என்றோம். எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது: ஆலை என்றால் வாசலில் நின்று மறிக்கலாம், இங்கே தறி அவனவன் வீட்டுக்குள் இருக்கிறது, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நெய்தால் யாருக்குத் தெரியும்? அதற்கு நீ கண்டுபிடித்த வழியை இன்றைக்கும் எங்கள் ஆட்கள் பேசுவார்கள். வீட்டுக்கு வீடு போய் நாடாக்களை வாங்கினாய். ஒவ்வொரு நாடாவிலும் வீட்டுக்காரர் அடையாளம் போட்டு, கோணிப்பையில் கட்டி, சங்கத்துக் கொட்டகையில் எல்லாருடைய கண்ணிலும் படுகிற மாதிரி அடுக்கினாய். "ஆலைக்குக் கதவு இருக்குது. நமக்கு நாடாதான் கதவு" என்றாயாம். நம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் நின்றது. அமாவாசை விடுமுறையில் கூட எங்காவது ஒரு தறியைச் சரிபார்க்கிற சத்தம் கேட்கும். அதுவும் இல்லை.

வசந்தாவின் கூறைப் புடவை அப்போது என் பாவை நெய்த நெசவாளி எத்திராஜ் வீட்டுத் தறியில் பாதியில் நின்றது.

கடை நிறையப் புடவை வைத்திருக்கிறவனுக்கு என்ன கவலை என்று கேட்பார்கள். நானும் அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஊருல நாலு பேரு தடவிப் பாத்துட்டு வாணாம்னு வச்சிட்டுப் போன புடவையையாடா எம்பொண்ணு மணையில கட்டிக்கினு உக்காருவா? அவ பேரச் சொல்லித் தறியில ஏத்தினத அறுத்துப் போட்டுட்டு வேற கட்டினா வெளங்குமா? ஊருக்கெல்லாம் கூறை விக்கிறவன் ஊட்டுக்குக் கூறை இல்லன்னு சம்பந்தி வாயில விழணுமா?"

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நெசவாளி வீட்டுப் பெண்ணின் கூறை அவளுக்கென்று ஏற்றிய பாவில் முடிய வேண்டும். பாதியில் அறுப்பது அபசகுனம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

நான் என் புத்தியைக் காட்டினேன். ஆரணிக்குப் போய்ப் புதிதாக மூன்று நாடா வாங்கி வந்து, துண்டில் சுற்றி எத்திராஜ் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "நாடா கெடச்சிருச்சு மொதலாளி. கை வரணுமே" என்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து தெலுங்கில் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் புரிந்தது.

வேறு வழியில்லாமல் கொட்டகைக்கு வந்தேன். நீ கோணிப்பைகள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். சுற்றிலும் முப்பது நாற்பது பேர். நான் விஷயத்தைச் சொன்னதும் யாரோ, "அப்போ கூலிய ஏத்திட்டுப் புடவைய எடுத்துக்கினு போ!" என்று கத்தினார். நியாயமான பேச்சு. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீ கோணிப்பைகளைத் திரும்பிப் பார்த்தாய். ஒரு தறி ஓடினால் அடுத்த நாள் பத்துத் தறி ஓடும், அது எனக்கும் தெரியும். அத்தனை வீட்டின் அடுப்பும் அந்தப் பைகளில்தான் கட்டியிருந்தது. அப்புறம் எழுந்து எல்லாரையும் பார்த்துக் கேட்டாய்.

"நாம எத்த நிறுத்தியிருக்கறோம்?"

"தறிய!"

"இல்லப்பா. கூலிக்கு நெய்யறத நிறுத்தியிருக்கறோம். மாமன் மச்சான் ஊட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டா அது வேலையா? பொண்ணுக்குத் தாய்மாமன் கொண்டார சீருக்கு எவனாச்சும் கூலி கேப்பானா? வசந்தா எனக்கும் தங்கச்சி. நான் நெய்யறேன். ஒரு பைசா வாங்க மாட்டேன். எத்திராஜு, தறி உன்னுது. சரின்னா சொல்லு."

எத்திராஜ் தலையாட்டினார். ஒரு பெரியவர், "கோர்வைக்கு இன்னொரு ஆளு வோணுமே" என்றார்.

நீ என் பக்கம் திரும்பினாய். "ஆளு இதோ நிக்கிறாரு. வேட்டிய மடிச்சிக் கட்டு மொதலாளி."

கொட்டகையே சிரித்தது. எத்திராஜ் தன் அடையாளம் போட்ட மூன்று நாடாக்களைப் பையிலிருந்து எல்லாருக்கும் முன்னால் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் அதே பைக்குத் திரும்பி வர வேண்டும் என்று பேச்சு.

மறுநாள் காலையில் தறிக்குழியில் என் வயிறு நுழையவில்லை. "உபரி" என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினாய். எத்தனை நாளாகக் காத்திருந்தாயோ அந்தச் சொல்லை உபயோகிக்க! கை மறந்துபோயிருந்தது. மூன்று எறிக்கு ஒரு முறை இழை அறுந்தது. உனக்கும் சங்கத்து வேலையில் தட்டு போய்விட்டிருந்தது, ஒத்துக்கொள்ளவில்லை. எத்திராஜ் மூலையில் உட்கார்ந்துகொண்டு, தன் தறி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் வெற்றிலை மேல் வெற்றிலையாகப் போட்டார். நாடா தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால் இரண்டு பேரையும் எழுப்பி விரட்டியிருப்பார்.

கொஞ்சம் கை பழகியதும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "இப்படியே நாம ரெண்டு பேரும் ஒரு கூலிய பேசி முடிச்சிட்டா இன்னா?"

"குழியில அந்தப் பேச்சு வாணாம். இங்க நீ மொதலாளி இல்ல, நான் சங்கம் இல்ல. பேசணும்னா கடைக்கு வரேன். இப்ப நாடாவப் போடு."

"இல்லடா, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"நீ போட்டாதான் நான் போடுவேன்."

நீ இப்படி நெய்வது அதற்குள் எங்கள் தரப்பில் பரவியிருந்தது. வியாபாரிகளில் ஒருவர், நாம் நெய்த முதல் நாள் ராத்திரியே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "செயலாளரே ரகசியமா கூலிக்கு நெய்யறாருன்னு அடுத்த தெருவுல சொல்லி வச்சிருக்கேன். நீ பொய் ஒண்ணும் சொல்ல வாணாம்பா. யாரு கேட்டாலும் சும்மா இருந்துடு. அது போதும்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

புடவை முடியப் போகிற நேரத்தில் வாசலில் கூச்சல் கேட்டது. அடுத்த தெரு மாணிக்கம் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "கருங்காலி! எங்க நாடாவக் குடுத்துடு, நாங்களும் நெய்யப் போறோம்!" என்று கத்தினார். வீட்டில் அரிசி தீர்ந்துபோன குரல் அது. அதில் பொய் இல்லை.

நீ குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "தெருவுல நிக்கிற இன்னாத்துக்கு? உள்ள வந்து பாரு மாணிக்கம்" என்றாய்.

வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பனியன் நனைந்து, தலையெல்லாம் பட்டு நூல் ஒட்டி, குழிக்குள் கால் மாட்டிக்கொண்ட நிலையில் நான். பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மாணிக்கம் சிரிக்கவில்லை. "எவ்ளோ கூலி?" என்று உன்னைக் கேட்டார்.

"குடுக்கறவன் இவன்தான். இவனையே கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை. உடம்பு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, என் கரை இழைக்காகக் காத்திருக்கிற மாதிரி பாவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வியாபாரியிடம் கணக்குப் போட்டாயா என்று கேட்கக் கூடாது. போட்டேன். சும்மா இருந்தால் போதும். மாணிக்கம் தன் நாடாவை வாங்கிக்கொண்டு போவார், சாயங்காலத்துக்குள் தெரு ஓடும், உயர்வு கேட்ட கூலி பழைய கூலியிலேயே நிற்கும். புடவையும் முடிந்துவிட்டது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேசாமல் இருப்பதை விடச் சுலபமான வியாபாரம் எதுவும் இல்லை.

கண் தறி மேல் போனது. கரையும் உடம்பும் கோத்த இடத்தில் உன் இழையும் என் இழையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. எது யாருடையது என்று பிரித்தால் புடவை இரண்டாகிவிடும்.

"கூலி இல்ல," என்றேன். "எந்தங்கச்சிக்கு இவன் செய்யற சீரு. எத்திராஜு ஊட்டுச் சாமி மாடத்துல கற்பூரம் இருக்கும். ஏத்துங்க. அணைச்சி சத்தியம் பண்றேன்."

உனக்குச் சாமி கிடையாது. மாணிக்கத்துக்கு உண்டு. எனக்கும் உண்டு, வியாபாரி வேறு. எத்திராஜ் சம்சாரம் தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தாள். உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். மாணிக்கம் தறிக்கு முன்னால் குனிந்து நெசவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த லட்சணத்துக்கு எவனும் கூலி குடுக்க மாட்டாம்பா. உண்மதான்" என்றார்.

அதைக் கேட்டு எல்லாரும் சிரித்த சிரிப்பில் ஸ்டிரைக் நின்றது. அதாவது, உடையாமல் நின்றது.

மூன்று நாடாவும் அன்று சாயங்காலமே பைக்குப் போயின. நான் வெற்றிலைத் தட்டில் பணம் வைத்தேன், பழக்க தோஷம். நீ வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினாய். கல்யாணத்தில் தாய்மாமன் வரிசைக்குப் பின்னால் நின்று அட்சதை போட்டாய், இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டாய். அதற்கு அடுத்த வாரம் கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, கேட்ட கூலியில் ஒரு ரூபாய் இறங்க மாட்டேன் என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்னால வியாபாரிங்க மத்தியில எம்பேரே கெட்டுக் கெடக்குது. அதுக்காகவாச்சும் கொஞ்சம் எறங்குடா!"

"அது சீரு. இது கூலி. ரெண்டையும் ஒரே தராசுல போடாத மொதலாளி."

கடைசியில் நான்தான் முதலில் ஏறினேன். நீ கொஞ்சம் இறங்கினாய். அப்புறம் நான் கொஞ்சம். பழைய தறி மாதிரிதான். எங்கள் ஆட்கள் என்னோடு ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. ஆனால் என் பாவை வாங்கிப்போன நெசவாளி எவரும் அதற்குப் பிறகு என் சரிகையில் கை வைத்ததில்லை, கெடு தவறியதில்லை. நம் சிநேகம் எனக்கு லாபம் என்று சொன்னால் நீ கோபிப்பாய். லாபம்தான். லாபம் மட்டும் இல்லை.

நீ போன அன்று உன் மேல் சங்கத்துக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். நான் கோடித்துணியோடு போனேன். பட்டு இல்லை, பருத்திதான், உனக்குப் பட்டு பிடிக்காது என்று தெரியாதா எனக்கு? கூட்டம் வழிவிட்டது. "மொதலாளி வராரு" என்று யாரோ சொன்னார்கள். அதை நீ சொல்லாமல் வேறு ஒருவர் சொல்லிக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு தூரமான சொல் என்று தெரிந்தது.

இப்போது மறுபடியும் கூலிப் பேச்சு வந்திருக்கிறது. போன வாரம் உன் இடத்துக்கு வந்திருக்கிற புது செயலாளர் கடைக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்தார். செல்போனில் கணக்கு வைத்திருக்கிறார், நன்றாகப் பேசுகிறார், என்னை "சார்" என்கிறார். ஒரு கட்டத்தில் அவரும் இறங்கவில்லை, நானும் ஏறவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. என் வாயில் அது தானாக வந்துவிட்டது.

"நீ போட்டாதான் நான் போடுவேன் தம்பி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சார், அது எங்க பழைய செயலாளர் வசனம். ஒவ்வொரு கூட்டத்துலயும் அவரு அத்தத்தான் சொல்லுவாரு."

"யாரப் பத்திச் சொல்லுவாரு?"

"ஒங்களப் பத்திதான்," என்றார். சிரித்தபடி டீயை எடுத்துக்கொண்டார்.

வசந்தாவின் புடவைக்கு சேல்ஸ்மேன் சீட்டு எழுதும்போது, மதிப்பு என்ன போடட்டும் என்று கேட்டான். பாலிஷுக்குப் போகிற எல்லாப் புடவைக்கும் ஒரு விலை எழுதியாக வேண்டும். முப்பது வருஷமாகப் பட்டை விரலால் தொட்டதும் விலை சொல்கிறவன் நான். கை மாறின இடத்தில் விரலை வைத்தேன். இறுக்கமான இடம் உன்னுடையது, லூசான இடம் நான் எறியும் வரை நீ காத்திருந்தது. காலியாக விடச் சொல்லிவிட்டேன். பழுதை நீவிச் சரிசெய்யட்டுமா என்றான். வசந்தா புடவையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவரோடு புதுக் கூலி எவ்வளவுக்கு முடிந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். குறைவு என்றால் நீ திட்டுவாய். அதிகம் என்றால், உனக்கு முன்னாலேயே அங்கே போய் உன் பக்கத்திலேயே இருக்கிற என் அம்மா திட்டுவாள்.